பானெட் சூடாக இருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள்

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் பாலவனத்தத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு முதன்முதலாகக் கார் வருகிறதென்றால், அது பெரும்பாலும் மூன்றாவது ஓனர் வண்டியாகத்தான் இருக்கும். ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் மாருதி 800. விலை ஒரு லட்சம், மிஞ்சினால் ஒன்றரை. "இந்த டப்பாவுக்குப் போயி இம்புட்டுப் பணமா?" என்று டீக்கடையில் கேட்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது வந்து நிற்பார்கள்: "அண்ணாச்சி, ஒரு வண்டி பார்த்திருக்கேன். கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க." போய்ப் பார்த்துச் சொல்கிறேன். மானாவாரிக் காட்டை நம்பியிருக்கிற குடும்பத்துக்கு முதல் வண்டி பழைய வண்டியாக இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் வாதம்.

காரணம் தவணை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது, சந்தோஷம். ஆனாலும் தமிழ்நாட்டின் ஆயுள் வரி 12 சதவீதம், இன்சூரன்ஸ் என்று எல்லாம் சேர்ந்து, இருப்பதிலேயே சின்ன கார்கூட நாலு லட்சத்தைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வருகிறது. அதற்கு மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். பருத்தியும் மக்காச்சோளமும் மல்லியும் பேங்க்காரர் சொல்லும் தேதி பார்த்து விளைவதில்லை. ஐப்பசி மழை ஏமாற்றினால் அந்த வருஷம் முழுக்கவே கையில் காசு கிடையாது. சம்பளக்காரருக்குத் தவணை பாரம் மட்டும்தான். கரிசல் சம்சாரிக்கு அது வாசலில் நிற்கும் வண்டியை வந்து தூக்கிக்கொண்டு போகும் விஷயம். விளைச்சல் வந்த கையோடு ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய வண்டியை யாரும் தூக்க முடியாது. ஆயுள் வரியையும் முதல் ஓனரே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

கார் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரத்துக்கு 108 வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்விட்டு, தலை நிற்காமல் உட்கார்ந்திருக்கிற பெரியவரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர 108 வராது. திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் என்றால் ராத்திரி பஸ்ஸை நம்பியும் இருக்க முடியாது. ஒரு பைக்கில் நாலு பேர் போவதைப் பார்த்துப் பழகிவிட்டோம் என்பதால் அது சரியாகிவிடாது.

ஆக, வாங்குவது சரி. எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் சிக்கல். பழைய கார் வியாபாரத்தில் விற்கிறவருக்கு வண்டியின் ஜாதகமே தெரியும், வாங்குகிறவருக்கு அதன் நிறம் மட்டும் தெரியும். ஜார்ஜ் அக்கர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் இதையே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல வண்டி, எது மோசமான வண்டி என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது எல்லா வண்டிக்கும் குறைத்துத்தான் விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் கழிசடைதான் மிஞ்சும் என்பது அதன் சாரம். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படை அந்த வேலை. அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு: நல்ல வண்டி கார் கன்சல்டிங் வாசலுக்கே வருவதில்லை. அது மச்சானுக்குப் போய்விடும். மச்சான் வேண்டாமென்றால் உடன் வேலை பார்ப்பவருக்கு. அதனால் முதலில் சொந்தபந்தத்தில் கேளுங்கள் என்பேன். ஒரு வண்டியை எட்டு வருஷமாகக் கண்ணால் பார்த்திருப்பதற்கு ஈடான பரிசோதனை எதுவுமில்லை.

அப்படி அமையாமல் வெளியே போய்ப் பார்ப்பதென்றால், முதல் வேலை பானெட்டின் மேல் கையை வைப்பது. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். "நீங்க வர்றீங்கன்னுதான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன் சார்" என்பார்கள். அந்த உபசாரம் வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த என்ஜின் காலையில் முதல் தடவை எப்படிப் பிடிக்கிறது, அப்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. சூடேறிய என்ஜின் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். (சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும், ஜாக்கிரதை.) எங்கள் பக்கத்துக்கென்று ஒரு வியாதி இங்கேதான் இருக்கிறது. கூலன்ட் ஊற்றச் சோம்பல்பட்டு போர் தண்ணியை ஊற்றி ஊற்றி ஓட்டியிருப்பார்கள். இந்தச் சீமையில் போர் தண்ணி எப்படியிருக்கும் என்பது குடத்தின் அடியைச் சுரண்டிப் பார்த்த பெண்களுக்குத் தெரியும். அதே உப்பு ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களிலும் படிகிறது. மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பொருக்கு, தண்ணி துருநிறம் என்றால் அந்த வண்டி ஊருக்குள் நன்றாகத்தான் ஓடும். சித்திரை வெயிலில் ஏ.சி.யைப் போட்டு நாலுவழிச் சாலையில் மதுரைக்கு விட்டால்தான் முள் ஏறும். ஹெட் கேஸ்கட் போகும். ஹெட்டை இறக்கினால் வாங்கிய விலையில் ஒரு நல்ல பங்கு பட்டறையில் போய்விடும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால் பேரம் பேசவே வேண்டாம். தண்ணி ஏற்கெனவே ஆயிலுக்குள் போய்விட்டது.

காய்ந்த சீமைதானே, வெள்ளத்தில் முங்கிய வண்டி இங்கே எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். 2023 டிசம்பரில் முதலில் சென்னை மூழ்கியது. அடுத்த ரெண்டு வாரத்தில், 17, 18 தேதிகளில், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிற நாலுவழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. முங்கிய வண்டி கழுவித் துடைத்து விலை குறைந்து இந்த வழியாக ஏறி வருவதில் ஆச்சரியமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள். உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக்கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போலிருக்கும் கம்பியில் துரு இருக்கிறதா என்றும் விரல் விட்டுப் பாருங்கள்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். குறைத்து வைக்க லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். 38,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லும், பிரேக் மிதியின் ரப்பர் கோடெல்லாம் தேய்ந்து வழுவழுவென்றிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருஷத்து 23ஆவது வாரத்தில் செய்த டயர். டயர் புதிது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கே சீமைக்கருவேல முள்ளுக்கும் வெயிலுக்கும் ஓடாமலே செத்துப்போகும் டயர்களும் உண்டு. மிதி, ஸ்டியரிங், டிரைவர் சீட், டயர் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த "டாக்டர் வண்டி". டாக்டர் வைத்திருந்தது, லேடீஸ் மட்டும் ஓட்டியது என்று சொல்லாத புரோக்கரை நான் இன்னும் சந்திக்கவில்லை. விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022இல்தான். அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் விற்பனையான டாக்டர் வண்டிகளைக் கணக்கெடுத்தால் கல்லூரியே தேவைப்பட்டிருக்காது.

வண்டி தேறிவிட்டது என்றால் அடுத்தது ஆர்.சி. புக். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். விற்றவர் 29, 30ஆம் எண் படிவங்களில் வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்திருப்பார். "ஓப்பன் ஃபார்ம் இருக்குல்ல, எப்ப வேணும்னாலும் பேர் மாத்திக்கலாம்" என்று அதை பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். மூணு கை மாறிய பிறகும் ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே இருக்கும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. விபத்து நடந்தால், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் திட்டமாகச் சொல்லிவிட்டது. வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, தன் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆசாமிக்கும் இது எச்சரிக்கை. இன்சூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்றும்படி 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருந்தால், பேங்க்கின் என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிறத்தியார் பெயரில் உள்ள வண்டியை நம்பித் தொழிலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தார். கம்பெனி முதலில் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டியது. வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் கப்பல்காரர்கள் வாடகையை முறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள் வந்தன.

இனி அரசாங்கத்திடம் ஒரு வழக்கு. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. 50,000 ரூபாய் பெறுமான ஒரு 800க்கும் இதே தொகை, 5 லட்சம் பெறுமான சொகுசு வண்டிக்கும் இதே தொகை. 14 வயது வண்டி திடீரென்று மலிவாகக் கிடைப்பதன் ரகசியமும் இதுதான், அடுத்த வருஷச் செலவை நம் தலையில் கட்டுகிறார்கள். "15 வருஷம் ஆனா பிடிச்சு நசுக்கிருவாங்களாமே?" என்று கேட்கிறவர்களுக்கு: டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற கட்டுப்பாடு தில்லி வட்டாரத்துக்கு வந்தது. இங்கே எஃப்.சி. காட்டிப் புதுப்பித்தால் ஓட்டலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து தில்லியில் கழித்துவிடுகிற வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. அவற்றுக்கு என்.ஓ.சி. வேண்டும், இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு காணாமல் போய்விடும்.

பழைய வண்டி புகை கக்கும், கட்டணம் போடத்தான் வேண்டும் என்றால் போடட்டும். வாங்கிய காசுக்கு அரசாங்கம் என்ன தருகிறது? பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்ற சோதனை உண்டு. அதில் தேறியதா, எங்கே பழுது, அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல் என்பதையெல்லாம் வண்டி எண்ணைத் தட்டி யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மீட்டரைக் குறைத்தால் மறு வருஷமே அம்பலமாகிவிடும். நாமும்தான் புகைச் சான்றுக்குப் போய் நிற்கிறோம். அங்கேயே மீட்டர் எண்ணையும் பதிந்து, வாங்க வருகிறவர் செல்போனில் பார்க்கும்படி வைத்தால் மீட்டர் குறைக்கிற தொழில் ஒரு சில வருஷத்தில் படுத்துவிடும்.

இன்னொன்று, மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்கள் கழற்றிக் காட்டிய பழைய என்ஜினையே திரும்பத் திரும்பக் கழற்றிப் படிக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அங்கே வாத்தியார் மேற்பார்வையில், 500 ரூபாய் கட்டணத்துக்கு, வாங்கப்போகிற வண்டியைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் செய்யலாம். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஒரு குழி, ஒரு டார்ச் லைட், கம்ப்ரெஷன் பார்க்கும் கேஜ் ஒன்று, பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தத் துண்டு இருந்தால் போதும்.