ஆரம்பப் பாடசாலை நூலகரும் நேரலைக் கல்வியும்

ஆரம்பக் கல்வி பற்றிப் பேசப்படும் இடங்களில் இன்று இரு கூற்றுகள் அடிக்கடி ஒலிக்கின்றன. திரை வந்தபின் நூலகர் எதற்கு என்பது ஒன்று. திரையே வாசிப்பைக் கெடுத்தது, ஆதலின் அதனை நூலகத்தினுள் நுழையவிடலாகாது என்பது மற்றொன்று. முன்னையது சிக்கனத்தின் பெயரால் எழுவது. பின்னையது மரபின் பெயரால் எழுவது. இரண்டும் பிழையானவை. சிறுவர்க்கு நேரலை அனுபவத்தைக் கல்வியாக்கித் தரும் தகுதி வாய்ந்தவர் நூலகரே என்பதை இவ்விரு சாராரும் காண மறுக்கின்றனர்.

நேரலை அனுபவம் என்பது, தொலைவிலுள்ள அறிஞருடனோ கலைஞருடனோ வேற்றூர் மாணவருடனோ இணையவழி அந்நேரத்திலேயே கண்டும் கேட்டும் உரையாடுவதாகும். பதிவு செய்த படம் சிறுவனின் வினாவுக்கு விடையிறுக்காது, நேரலை விடையிறுக்கும். எனவே வினாவே அதன் உயிர். நல்ல வினாவோ முன்வாசிப்பின்றிப் பிறப்பதில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளோருடன் பாடசாலை மாணவர் அமெச்சூர் வானொலி மூலம் உரையாடும் திட்டம் 2000ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கியது. நிலையம் ஓரிடத்தின் வானைக் கடந்து செல்லும் ஏறத்தாழப் பத்து நிமிடமே உரையாடலுக்குக் கிடைக்கும். அதனால் மாணவர் தம் வினாக்களை முன்னரே எழுதி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. கருவி தருவது பத்து நிமிடம். கல்வி நிகழ்வது அதற்கு முந்திய நாள்களிலும் பிந்திய நாள்களிலுமே. அந்நாள்களுக்குரிய நூல்களைத் தேடி எடுத்து, வயதறிந்து சிறுவர் கையிற் கொடுப்பவர் யார்?

நமது நாட்டு அனுபவம் யாது? 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேரலை வகுப்புகள் பெருகின. பெற்றோரின் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை வெளியே நின்றது. அலைத்தொடர்பு கிட்டாத ஊர்களிற் பிள்ளைகள் மலையும் மரமும் ஏறினர். வசதி பெற்றவர்க்கேனும் புதியது கிட்டியதா எனின், பெரும்பாலும் இல்லை. கரும்பலகை திரைக்கு இடம் மாறியது. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சைக்கான வினாத்தாட் பயிற்சி அதில் ஓடியது. உலகைக் காட்டவல்ல கருவியைக் கொண்டு வினாத்தாளைக் காட்டினோம்.

இந்நிலையை மாற்றக்கூடிய இடம் நூலகம். அங்கு பாடத்திட்டத்தின் நெருக்குதல் இல்லை, புள்ளி இல்லை. ஹற்றனில் உள்ள ஆரம்பப் பாடசாலை ஒன்றும் மன்னாரில் உள்ள ஒன்றும் தத்தம் நூலகத்திலிருந்து இணைவதாகக் கொள்வோம். வங்காலைச் சரணாலயத்திற்குப் பூநாரைகள் வரும் காலத்தில் மன்னார்ப் பிள்ளைகள் அவற்றைக் காட்டலாம். பறித்த கொழுந்து வாட்டப்பட்டு, அரைபட்டு, உலர்ந்து தேயிலையாகும் முறையை ஹற்றன் பிள்ளைகள் விளக்கலாம். இதற்கு வேண்டுவன ஒரு கணினி, ஓர் இணைப்பு, பறவைகள் பற்றியும் தேயிலை பற்றியும் தமிழில் அமைந்த சில சிறுவர் நூல்கள், இவற்றை ஒன்றிணைக்கும் ஒரு நூலகர். முதல் மூன்றையும் எவ்வாறேனும் தேடிக்கொள்ளலாம். நாலாவதுதான் நம்மிடம் அரிதாயுள்ளது.

பல ஆரம்பப் பாடசாலைகளில் நூலகம் என்பது பூட்டிய அலுமாரியே. அதன் திறப்பு, பாடவேளை குறைந்த ஆசிரியர் ஒருவரிடம் மேலதிகச் சுமையாக ஒப்படைக்கப்படுகின்றது. பாடசாலை நூலகத்துக்குத் தொழிற்றகைமை பெற்ற நூலகர் வேண்டும் என யுனெஸ்கோவின் பாடசாலை நூலக விஞ்ஞாபனம் 1999இலேயே வலியுறுத்திற்று. நாமோ ஸ்மார்ட் வகுப்பறைகளைத் திறந்துவைப்பதிற் பெருமை கொள்கிறோம். கருவிகளின் ஆயுளை நாம் அறியாதவர்களல்லர். வகுப்பறைகளை இணைக்கப் பலகாலம் பயன்பட்ட ஸ்கைப் 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. இன்றைய கருவிக்கும் அக்கதி வரலாம். பயிற்சி பெற்ற நூலகர் அடுத்த கருவியையும் பயன்படுத்திக்கொள்வார்.

மரபின் பெயராற் பேசுவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். நூலகம் வளரும் உயிரி என்பதை நூலகவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இரங்கநாதன் வகுத்தது 1931இல். வளர மறுக்கும் நூலகத்தை அவர் பெயரால் எவரும் காக்க இயலாது.

வறிய நாட்டிற்கு இது ஆடம்பரம் என்பார் உளர். உண்மை அதற்கு மாறானது. வீட்டுத் தொலைபேசியை நம்பிய கல்வியே வறியவரை விலக்கியது. நூலகத்தில் உள்ள ஒரு திரை முழு வகுப்புக்கும் பொதுவானது. 1945இல் இலவசக் கல்வியை ஏற்ற நாடு, கற்றலின் வாயிலைப் பெற்றோரின் பணப்பைக்கு விட்டுவிடுதல் அக்கொள்கையைக் கைவிடுவதேயாகும்.

ஆதலின் நமது கோரிக்கை தெளிவானது. ஆரம்பப் பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற நூலகரை நியமியுங்கள். அண்மையிலுள்ள சிறு பாடசாலைகள் சிலவற்றுக்கு ஒருவரையேனும் நியமியுங்கள். நேரஅட்டவணையில் நூலகத்துக்கெனப் பாடவேளை ஒதுக்குங்கள். அதனைப் பரீட்சைப் பயிற்சிக்குப் பறிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கும் இதிற் கடமை உண்டு. விலங்கியலும் புவியியலும் வரலாறும் கற்போரும் கற்பிப்போரும் தமிழிற் சிறுவரோடு அரைமணி நேரம் உரையாட முன்வரவேண்டும். நூலகர் அழைக்கும்போது மறுமுனையிற் பேச ஆளில்லையெனின், அக்குற்றம் அரசினதன்று, நம்முடையது.