பாதிரியார் இல்லாவிட்டால் கலியாணம் ஆகாதா?

பார்ப்பனப் புரோகிதத்தை நாம் கண்டித்தால் கிறிஸ்தவத் தோழர்கள் பலர் கைதட்டுகிறார்கள். "எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றும் சொல்லுகிறார்கள். ஆனால் தங்கள் வீட்டுக் கலியாணம் என்றால் மட்டும் பாதிரியார் உத்தரவுக்காகக் கோவில் வாசலில் கைகட்டி நிற்கிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

கானாவூர்க் கலியாணத்திற்கு இயேசு விருந்தாளியாகப் போனாரேயொழிய, புரோகிதராகப் போகவில்லை. இன்னார்தான் கலியாணம் நடத்திவைக்க வேண்டுமென்று புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் கட்டளையில்லை.

கத்தோலிக்கரில் லத்தீன் பிரிவாரோ, மணமக்கள் தாங்களே சம்மதத்தால் ஒருவரையொருவர் மணந்துகொள்ளுகிறார்கள். குருவானவர் சபையின் சாட்சிதான் என்கிறார்கள். அதே போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்ட மலையாளத்துச் சிரியன் கத்தோலிக்கர் முதலானோருக்கோ, குருவின் ஆசீர்வாதம் இல்லாமல் கலியாணம் இல்லை. குவேக்கர் கூட்டத்தாரோ பாதிரியென்ற பேச்சே இல்லாமல், நண்பர்கள் கூடிய சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்து, முந்நூறு வருஷத்திற்கு மேலாகக் கலியாணம் செய்து வருகிறார்கள். கடவுள் ஒருவர், வேதம் ஒன்று, கலியாண விதி மட்டும் மூன்றா?

"சாட்சி இல்லாவிட்டால் புருஷன் பெண்ணைக் கைவிட்டு ஓடிவிடுவானே" என்பார்கள். வாஸ்தவம். ரகசியக் கலியாணங்களால் வந்த இந்தக் கேட்டைத் தடுக்கவே, பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இருக்க வேண்டுமென்று 1563-ல் திரெந்து மகாசபை விதித்தது. ஆனால் அதற்கு முன் குருவில்லாமல் நடந்தவையும் உண்மையான கலியாணங்களே என்று அந்த மகாசபையே ஒப்புக்கொண்டது. ஆகவே இது கடவுள் விதியல்ல. மனிதன் செய்துகொண்ட பந்தோபஸ்து. பந்தோபஸ்துக்கு ரிஜிஸ்தர் புத்தகமும் சாட்சிகள் கையெழுத்தும் போதாதா?

நிற்க, நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரர் 1872-ல் செய்த கிறிஸ்தவ விவாகச் சட்டம் பாதிரிமார்களுக்கும், லைசென்சு பெற்றவர்களுக்கும், விவாக ரிஜிஸ்திராருக்குமே அதிகாரம் கொடுக்கிறது. அதிகாரம் பெறாத ஒருவர் நடத்திவைத்தால் கலியாணமும் செல்லாது. அவருக்குப் பத்து வருஷம்வரை சிறையும் உண்டு! மணமக்களே மணந்துகொள்ளுகிறார்கள் என்பது உண்மையானால், ஒரு பெரியவர் தலைமை வகித்தது எப்படிக் குற்றமாகும்?

புரோகிதரில்லாத கலியாணத்தை 1967-ஆம் வருஷத்துச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லுபடியாக்கிற்று. அதுவும் இந்துக்களுக்கு மட்டுமே. 1954-ஆம் வருஷத்துத் தனி விவாகச் சட்டப்படி கிறிஸ்தவர்களும் மணக்கலாம். ஆனால் முப்பது நாள் நோட்டீசு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

கிறிஸ்தவ வாலிபர்களே! தாய்மார்களே! மாலை மாற்றி, நண்பர்கள் முன் வாக்குக் கொடுத்து, பதிவு செய்துகொள்ளும் உரிமையை உங்களுக்கும் கேளுங்கள். அது வரும்வரை ரிஜிஸ்திரார் ஆபீசு இருக்கிறது. வாழப்போகிறவர்கள் நீங்கள், உத்தரவு கொடுக்க இடையில் ஒருவர் எதற்கு?