டாக்டருக்கு அனுப்புற வீடியோவை நசுக்காதீங்க

"அப்பாவுக்குக் கால்ல புண் டாக்டர், வீடியோ அனுப்பிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க." குறுவை, சம்பா நடவு சமயத்தில் தஞ்சாவூர் பக்கத்து அரசு மருத்துவர் யாரைக் கேட்டாலும் இந்த மெசேஜைக் காட்டுவாங்க. சேற்றுப்புண்ணா, சர்க்கரைப் புண்ணா, நடுவுல கறுத்துப் போயிருக்கா? வர்ற வீடியோவில் பாதி நேரம் சொல்லவே முடியாது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு கணக்கு. 1080பி வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 30 ஃப்ரேம். சுருக்காம வச்சா ஒரு நிமிஷத்துக்கு 11 ஜிபி. உங்க ஃபோன் அதை 100 எம்பி அளவுக்குச் சுருக்கியும் படம் பளிச்னு இருக்கு. எப்படி?

நம்ம கண்ணோட பலவீனத்தை வச்சுத்தான். வெளிச்ச வித்தியாசத்தைக் கண் நுணுக்கமா பிடிக்கும், நிற வித்தியாசத்தை அந்தளவுக்குப் பிடிக்காது. அதனால நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வச்சுக்கிட்டு மீதியைத் தூக்கிடும். அப்புறம் படத்தைச் சின்னக் கட்டங்களா பிரிச்சு, நுண்ணிய விவரங்களைக் கழிக்கும். இதுக்கு அடிப்படையான கணிதம் டிசிடி. 1974 ஜனவரியில் அந்தக் கட்டுரையை எழுதினவங்க நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூர்ல பிறந்தவர். இன்னைக்கு ஜேபெக் படமும் ஹெச்.264 வீடியோவும் அந்த வழியில வந்தவைதான்.

சினிமாவுக்கு இது அற்புதம். நோய்க்கு அப்படி இல்லை. "கண்ணுக்குத் தெரியாது"ன்னு கழிக்கிற இடத்துலதான் எங்களுக்கு வேண்டியது இருக்கு.

ஈசிஜி பேப்பரை எடுத்துக்குங்க. வெளிர் ரோஸ் கட்டம். ஒரு சின்னக் கட்டம் 1 மில்லிமீட்டர், நேரத்துல 0.04 விநாடி. மாரடைப்பான்னு முடிவு பண்ண, கோடு ஒண்ணு ரெண்டு கட்டம் மேல ஏறியிருக்கான்னுதான் பார்ப்போம். அதிகமா சுருக்கினா அந்த ரோஸ் கட்டமே மங்கிப் போகும், கோட்டோட ஓரத்துல பிசிறு தட்டும். காய்ச்சல்ல தோல்ல வர்ற குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகளும் இப்படித்தான் கரைஞ்சு போகும்.

வீடியோவில் இன்னொரு விஷயம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறினதை மட்டும்தான் சேமிக்கும். ரொம்ப நசுக்கும்போது மெல்லிய தசைத் துடிப்பை "மாற்றம் இல்லை"ன்னு விட்டுடலாம். இருட்டுல எடுத்தா இன்னும் மோசம். கேமரா இரைச்சல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறுறதால, இருக்கிற இடத்தையெல்லாம் அதுவே தின்னுடும்.

எல்லாத்துக்கும் தரம் வேணும்னு நான் சொல்லலை. வலிப்பு வீடியோவா? எப்படி இருந்தாலும் அனுப்புங்க, அது எங்களுக்குத் தங்கம். குழந்தைக்கு மூச்சு வாங்குதா? சட்டையைத் தூக்கி முழுசா ஒரு நிமிஷம் எடுங்க, மங்கலா இருந்தாலும் எண்ணிடுவோம். 2 மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60-ம் அதுக்கு மேலயும் போனா உடனே கூட்டிட்டு வரணும்.

புண், தோல், ஈசிஜி மாதிரி விஷயங்களுக்கு: வாட்ஸ்அப்பில் கேலரி வழியா போகாம 'டாக்குமெண்ட்'னு தேர்ந்தெடுத்து அனுப்புங்க. சுருங்காம அப்படியே வரும். ஹெச்டி பட்டனும் சுருக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவா. 20 விநாடி போதும். பகல் வெளிச்சம், ஃபில்டர் வேண்டாம், பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வைங்க, அளவு தெரியும். ஸ்டேட்டஸ்ல இருந்து எடுத்து அனுப்பாதீங்க. ஸ்கிரீன் ரெக்கார்டும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் புதுசா நசுங்கும். குடும்ப குரூப்ல போடாம டாக்டருக்கு மட்டும் அனுப்புங்க.

பிறந்த குழந்தையோட மஞ்சள் காமாலைக்கு மட்டும் எந்த வீடியோவும் உதவாது. குண்டு பல்பு வெளிச்சமே குழந்தையை மஞ்சளாக்கிடும். ரத்தப் பரிசோதனைதான் வழி.

அரசு டெலிமெடிசின் எதுவா இருந்தாலும் ஈசிஜிக்கும் புண்ணுக்கும் சுருக்காம அனுப்புற தனி வழி கட்டாயம் வேணும்னு நான் நினைக்கிறேன். ஒரு படத்துக்குச் சில எம்பி, பெரிய செலவில்லை.

கடைசியா, வயல்ல பாம்பு கடிச்சா பாம்பை வீடியோ எடுக்க நிக்காதீங்க. நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துத்தான் இருக்கு. 108-ஐக் கூப்பிட்டு ஜிஹெச்சுக்கு வாங்க.