அம்மா மதுரையில் இருந்தால் ரகசிய வேலை கிடையாதா?

அமெரிக்காவில் ராணுவ ரகசியம் புழங்கும் வேலைக்குப் போகிறவர் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எஸ்.எப்.86 என்று பெயர். 100 பக்கத்துக்கு மேல்! 10 வருஷமாக எங்கே குடியிருந்தாய், எங்கே வேலை பார்த்தாய் என்று தொடங்கி, பெற்றோர், உடன்பிறந்தவர், மாமனார், மாமியார் எந்த நாட்டுப் பிரஜை என்பது வரை கேட்கிறார்கள்.

நம் ஊரில் சர்க்கார் உத்தியோகம் என்றால் ஸ்டேஷனில் இருந்து ஏட்டய்யா வந்து விசாரித்துவிட்டுப் போவார் அல்லவா? அதே மாதிரிதான், ஆனால் பல மடங்கு. பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள்.

தட்டட்டும். தப்பில்லை. வெளிநாட்டில் இருக்கும் தாயாரைக் காட்டி, "காகிதத்தைக் கொடு, இல்லாவிட்டால் பார்" என்று எவனாவது மிரட்டினால் பிள்ளை என்ன செய்வான்? அந்தப் பயம் நியாயமானதே.

ஆனால் "அம்மா மதுரையில் இருக்கிறார் என்று எழுதினால் வேலை போச்சு" என்று நினைத்து யாராவது மறைத்தால், தொலைந்தார்! வெளிநாட்டில் சொந்தம் இருப்பது குற்றம் அல்ல. படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவதுதான் குற்றம். 5 வருஷம் வரை ஜெயில்!

இரண்டு பாஸ்போர்ட்

ஒரு காலத்தில், இன்னொரு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால் அதை ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று ராணுவ இலாகா கண்டிப்பு காட்டியது. 2017 ஜூன் முதல் அந்தக் கண்டிப்பு தளர்ந்தது. இரட்டைக் குடியுரிமை மட்டுமே அனுமதி மறுக்கக் காரணம் ஆகாது. ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவுக்கு வரும்போதும் போகும்போதும் அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் நீட்ட வேண்டும்.

இந்தியாவில் இருந்து போனவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்கப் பிரஜை ஆனதுமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. ஓ.சி.ஐ. அட்டைக்குப் பெயரில்தான் குடியுரிமை, ஓட்டுகூடக் கிடையாது. இலங்கைத் தமிழர் கதை வேறு. அந்த நாடு இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கிறது.

சந்தேகத்தின் பலன் யாருக்கு?

உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், அங்கே அவருக்கு என்ன வேலை, எத்தனை தடவை பேசுகிறாய், சொத்து உண்டா என்று எல்லாவற்றையும் எடை போடுகிறார்கள். மதுரையில் பென்ஷன் வாங்கும் வாத்தியார் தகப்பனாரும், வெளிநாட்டு ராணுவத்தில் அதிகாரியாக இருக்கும் அண்ணனும் ஒன்றா? இதுவரை சரி.

நமக்கு உறுத்துவது இனிமேல்தான். கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் கூண்டில் நிற்பவனுக்கு. இங்கே சர்க்காருக்கு! துளி சந்தேகம் இருந்தாலும் அனுமதி இல்லை. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கிறார்கள், பதில் சொல்ல வாய்ப்பும் உண்டு. ஆனால் அந்த முடிவு சரியா தவறா என்று கோர்ட்டு எடை போடாது. 1988ல் ஈகன் என்ற கடற்படைத் தொழிலாளியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அப்படித்தான் தீர்ப்பு சொன்னது.

அப்படி இருக்க, விசாரணையாவது சுருக்காக முடிய வேண்டாமா? 2018ல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட விசாரணைகள் தேங்கிக் கிடந்தன. வெளிநாட்டுச் சொந்தம் இருந்தால் தோண்டுவதற்கு இன்னும் அதிகம். அதுவரை கம்பெனிக்காரன் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பானா? மறுப்பே வராமல் வேலை கைநழுவுகிறது.

இத்தனைக்கும் ரஷியாவுக்கு 20 வருஷம் விட்டு விட்டு ரகசியம் விற்று 2001ல் பிடிபட்ட ராபர்ட் ஹான்சன் யார்? சிகாகோவில் பிறந்த எப்.பி.ஐ. அதிகாரி! வாங்கியது ரொக்கமும் வைரமும். விலை போகிறவனைக் கண்டுபிடிக்க, மாமியார் ஊரைவிட அவன் பாங்கி பாஸ்புத்தகம் அதிகம் உதவும். அதையும் அந்தப் படிவம் கேட்கத்தான் செய்கிறது. அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தோண்டட்டுமே.

அமெரிக்காவில் இருந்து மருமகன் போன் செய்து, "அத்தை, உங்கள் பிறந்த தேதி என்ன, பிறந்த ஊர் எது?" என்று கேட்டால் சந்தேகப்படாதீர்கள். ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.