பகல் ஒரு மணிக்கு ஒரு பாட்டு

கச்சேரி என்று சொன்னால் எங்கட பக்கத்தில் முதலில் ஞாபகம் வருவது அம்பாறையில் போம் நிரப்பிக் கொடுக்கிற இடம்தான். பாட்டுக் கச்சேரி என்றால் அது இரவில். மேடை, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி, வரவேற்புரை, பொன்னாடை, அதிதி உரை எல்லாம் முடிந்து கூட்டம் கொட்டாவி விடுகிற நேரத்தில் பாட்டு தொடங்கும்.

இன்னொரு விதமான கச்சேரியும் உலகத்தில் இருக்கிறது. பகல் சாப்பாட்டு இடைவேளையில் நடப்பது. ஒரு சொப்ரானோ, அதாவது மேல் சுருதியில் பாடும் பெண் குரல். பக்கத்தில் ஒரு பியானோ. முதல் பாதி, கவிதைகளுக்கு இசையமைத்த பாட்டுகள். மற்றப் பாதி ஜாஸ். மைக்கூட இருக்காது. முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும், கேட்டவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இப்படி ஒன்று கல்முனையில் நடக்க வேண்டும் என்பதுதான் எங்கட குழுவின் கட்சி.

"பியானோவுக்கும் கல்முனைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீங்க. எங்களுக்கு முதலில் முக்கியம் பியானோ இல்லை, நேரம். மஃரிபுக்குப் பிறகு நடக்கும் எந்த இலக்கியக் கூட்டத்தையும் எண்ணிப் பாருங்க. எத்தனை பொம்பிளைப் பிள்ளைகள் இருப்பார்கள்? புத்தக வெளியீட்டில் முன்வரிசையில் நாலு ராத்தாமார் இருந்தாலே அதிசயம். கலை எல்லாத்தையும் இரவுக்குள் வைத்துவிட்டு, "பெண்கள் வாறாங்க இல்லையே" என்று கவலைப்படுகிறோம். லுஹர் தொழுகை முடிந்து, பள்ளிக்கூடம் விட்டு, ரெண்டு மணிபோல ஒரு மண்டபத்தைத் திறந்து வைத்தால் வருவார்கள். டீச்சர்மாரும் வருவார்கள், வங்கியில் வேலை செய்யும் தங்கச்சிமாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

பகல் கச்சேரியைப் பெரிய விசயமாக்கிக் காட்டியது லண்டன். 1939இல் யுத்தம் தொடங்கியதும் நேஷனல் கேலரி தன் ஓவியங்களைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பிவிட்டது. சுவர்கள் வெறுமை. இரவில் ஊரே இருட்டு. அப்போது பியானோ கலைஞர் மைரா ஹெஸ், வெறும் மண்டபத்தில் பகலில் வாசிக்கலாம் என்றார். ஒக்டோபர் 10ஆம் திகதி முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். கொஞ்சப் பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் ஆயிரம் பேரளவில் வந்தார்கள். குண்டு விழுந்த காலத்தில் கச்சேரி நிலவறைக்குப் போனதே தவிர நிற்கவில்லை. 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள். கேன்டீனில் சான்ட்விச் பிரபலம். எங்கட ஊரென்றால் சோத்துப் பார்சல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த முதல் வாரங்களிலேயே எலேனா கெர்ஹார்ட் என்ற ஜேர்மன் பாடகி அங்கே பாடினார். ஜேர்மனியோடு யுத்தம், பாட்டும் ஜேர்மன் மொழியில். அவருக்கே தயக்கமாக இருந்திருக்கிறது. லண்டன்காரர்கள் இருந்து கேட்டார்கள். யுத்தத்துக்குள் வளர்ந்த ஊர்க்காரர்களான எங்களுக்கு இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2016 பெப்ரவரி 4, காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவும் இதோடு சேர்ந்து ஞாபகம் வருது. 1949க்குப் பிறகு முதல் தடவையாக அரச விழாவில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டது, எங்களுக்கு அதுதான் செய்தி. அதே மேடையில் கிஷானி ஜயசிங்ஹ என்ற இலங்கை சொப்ரானோ 'தன்னோ புதுங்கே'யை ஒப்பரா முறையில் பாடினார். அடுத்த நாட்களில் அவருக்குக் கிடைத்தது கேலி. எங்கட பாட்டைக் கெடுத்துவிட்டா என்றார்கள். அந்தப் பாட்டு, ஜோன் டி சில்வாவின் 1903ஆம் ஆண்டு நாடகத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி மெட்டமைத்தது! பழகாத குரல் வந்தால் கேட்கும் முன்பே கைவிரிப்பது சிங்களவருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. நாங்களும் அப்படித்தான்.

கவிதைப் பாட்டு என்று சொன்னோமே, அதுக்கு ஒரு உதாரணம். கதே எழுதிய கவிதை ஒன்றுக்கு ஷூபர்ட் 1815இல், 18 வயதில், இசையமைத்தார். இரவில் ஒரு வாப்பா காய்ச்சல்காரப் பிள்ளையைக் குதிரையில் கொண்டுபோகிறார். கதை சொல்பவர், வாப்பா, பிள்ளை, பிள்ளையைக் கூப்பிடும் பேயரசன் என்று நாலு பேரும் ஒரே தொண்டைக்குள் இருக்கிறார்கள். குதிரையின் குளம்போசை பியானோவில். இதைக் கேட்டபோது எங்களுக்கு மூத்தம்மாமார்தான் ஞாபகம் வந்தாங்க. ஒரே ஆள் மச்சானாகவும் மச்சியாகவும் மாறி மாறிக் கவி படிப்பா. வாத்தியம் இல்லை, உலக்கைச் சத்தம் இருந்தால் அதுதான் வாத்தியம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்ததால் அந்தக் கவிகளின் சொற்கள் புத்தகத்தில் இருக்கு. குரல்? அது மூத்தம்மாமாரோடு மையவாடிக்குப் போய்ட்டுது.

ஜாஸிலும் இப்படி ஒரு கதை இருக்கு. கேப் டவுன் பாடகி சதீமா பீ பெஞ்சமின், 1963இல் சூரிச்சில் டியூக் எலிங்டனைப் பிடித்துக்கொண்டு வந்து, பின்னாளில் தன் கணவரான பியானோ கலைஞரின் வாசிப்பைக் கேட்க வைத்தார். 1968இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் இப்ராஹிம் என்று உலகம் அறிந்த கலைஞர் அவர்தான். அவரின் இசைத்தட்டு உடனே வெளிவந்தது. அதே நாட்களில் பாரிஸில் பதிவான சதீமாவின் பாட்டுகள் வெளிவந்தது 1997இல். முப்பது வருஷத்துக்கும் மேலே ஒரு பெண்ணின் குரல் பெட்டிக்குள் கிடந்திருக்கு.

பெண் குரல் பற்றிய மார்க்க விவாதம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதில் உலமாக்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, தீர்ப்புச் சொல்ல நாங்க யாரும் முஃப்தியும் இல்லை. பெண்களுக்கு மட்டும் என்று வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம், எங்கட பொடியன்மார் வெளியில் நின்று செருப்பு அடுக்குவோம். ஆனா, தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பாடச் சொல்லிக் கப் வாங்கிக்கொண்டு, ஏ.எல். முடிந்ததும் "இனிப் பாடாத" என்று சொல்கிற வழமையை மார்க்கத்தின் கணக்கில் எழுத வேண்டாம். கப் இன்னும் அதிபரின் அலுமாரிக்குள்தானே இருக்கு!

எங்கட குழுவிலும் அப்படி நிறுத்தின ஒரு தங்கச்சி இருக்கா. இரவல் கீபோர்ட் ஒன்றில் யூடியூப் பார்த்துப் பழகினவ. மூத்தம்மாவிடம் கேட்ட கவிகளில் மூன்றுக்குத் தானே இசை போட்டு வைத்திருக்கா. எங்கட யோசனையைச் சொன்னபோது பயமா இருக்கு என்றோ, வாப்பா விடமாட்டார் என்றோ அவ சொல்லவில்லை. மைக் வேண்டாம் என்றா. பிறகு கொஞ்சம் யோசிச்சிட்டுக் கேட்டா: "அந்த மண்டபத்து ஃபேன் சத்தத்துக்கு என்ன செய்யப்போறீங்க?"