நடையை நிறுத்திவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள கோவை மக்களுக்கு,

ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் தினமும் காலையில் நடக்கும் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். ஜனவரி முதல் வாரத்தில் அங்கே தோள் உரசாமல் நடக்க இடமிருக்காது. பொங்கல் கழிந்ததும் கூட்டம் கரையும். மாசி பிறக்கும்போது பழைய முகங்கள்தான் மிஞ்சும். வராமல் போனவர்களைக் கடைத்தெருவில் பார்த்து விசாரித்தால் பலரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "ஒரு மாசம் நடந்தனுங்க, ஒரு கிலோகூடக் குறையலை."

இந்தப் பதில்தான் எங்களை எழுத வைத்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றார்கள். தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்து, இனிப்பையும் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளும்படி ஒரு பிரிவினருக்குச் சொல்லப்பட்டது. அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் எடை, சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! எடை மெஷின் முள் அசையாத மாதங்களிலும் உடம்புக்குள் நல்லது நடந்துகொண்டிருந்தது. நீங்கள் நடந்த அந்த ஒரு மாதமும் வீணாகவில்லை.

எடையும் குறைய வேண்டுமென்றால் சாப்பாட்டைத் தொட்டே ஆக வேண்டும். நடை முடிந்து பேக்கரியில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு பப்ஸும் சாப்பிட்டால், அரை மணி நேரத்தில் செலவழித்தது அங்கேயே திரும்பிவிடும். மெஷினை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அதைவிட ஒரு தையல் டேப் உதவும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நல்லது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் அது நிறைந்துவிடும். கல்யாணம், காய்ச்சல், மழை என்று இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் வாருங்கள். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நடக்காதவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. "இன்னும் அப்படியேதான் இருக்கே?" என்று யாரையும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குக் கூசி வீட்டோடு நின்றுபோனவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களில் பெண்களே அதிகம். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் உடல் எடை அதிகம். ஆனால் காலை ஐந்தரை மணிக்குப் பால் காய்ச்சவும் டிபன் பாக்ஸ் கட்டவும் வேண்டியிருப்பது பெண்களுக்குத்தான். வீட்டு ஆண்களே, அந்த அரை மணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பயந்தால் கூடவே நடந்து வாருங்கள்.

தனியாக நடக்கச் சலிப்பாக இருந்தால் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை, சீருடை இல்லை, எடை எவ்வளவு என்று கேட்பவரும் இல்லை. சேலையோடு வரலாம், செருப்போடும் வரலாம். முழுச் சுற்று முடியாவிட்டால் பாதியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், உங்களோடு ஒருவர் உட்காருவார்.

போன ஜனவரியில் வாங்கிய ஷூ வீட்டில் எங்கேயாவது இருக்கும். இன்று ராத்திரியே தேடி எடுத்து வாசலில் வையுங்கள். காலையில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ரேஸ் கோர்ஸில் காலையில் நடப்பவர்கள்