சட்டைப் பைக்குள் ஒரு நகரம்: பென்டிரைவ் தரும் வசதியும் ஆபத்தும்

2022 ஜூன் மாதம். ஜப்பானின் அமகாசாகி நகராட்சிப் பணிகளைச் செய்துவந்த ஒப்பந்த ஊழியர் ஒருவர், வேலை முடிந்ததும் மது அருந்தச் சென்றார். போதையில் தெருவிலேயே தூங்கிவிட்டார். விழித்தபோது பையைக் காணவில்லை. பைக்குள் ஒரு பென்டிரைவ். அதில் அந்நகர மக்கள் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி விவரங்கள் இருந்தன. உதவித்தொகை பெறும் குடும்பங்களின் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. நல்லவேளையாக, சில நாள்களில் பை கிடைத்தது.

ஒரு நகரமே ஒருவரின் பைக்குள் அடங்கும் நிலை எப்படி வந்தது?

1971-ல் ஐபிஎம் வெளியிட்ட 8 அங்குல பிளாப்பியின் கொள்ளளவு சுமார் 80 கிலோபைட். பின்னர் வந்த மூன்றரை அங்குல பிளாப்பி 1.44 மெகாபைட் கொண்டது. சிடி வந்ததும் அது 700 மெகாபைட் வரை உயர்ந்தது. 2000-ல் விற்பனைக்கு வந்த பென்டிரைவில் 8 மெகாபைட்தான். இன்று அதே அளவுள்ள கருவியில் ஒரு டெராபைட், அதாவது லட்சம் மடங்குக்கும் மேல்! கொள்ளளவு பெருகியது, நம் எச்சரிக்கை உணர்வு பெருகவில்லை.

ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நம் தகவல் வெளியே போவது. 2007-ல் பிரிட்டன் வருவாய்த் துறை தபாலில் அனுப்பிய இரண்டு சிடிக்கள் காணாமல் போயின. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை தொடர்பான இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. துறைத் தலைவர் பதவி விலகினார், சிடிக்கள் கிடைக்கவேயில்லை.

மற்றொன்று, தீங்கு உள்ளே வருவது. 1986-ல் லாகூரில் உருவான ‘பிரெய்ன்’ வைரஸ் பிளாப்பி வழியாகவே உலகம் சுற்றியது. 2008-ல் மத்திய கிழக்கிலிருந்த அமெரிக்க ராணுவக் கணினிகளில் பென்டிரைவ் வழியே வைரஸ் நுழைந்ததால், ராணுவம் பென்டிரைவுக்கே தற்காலிகத் தடை போட்டது. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ‘ஸ்டக்ஸ்நெட்’, இணையத் தொடர்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கியது. அதுவும் பென்டிரைவ் மூலமே உள்ளே போனதாகக் கருதப்படுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை ஆங்காங்கே போட்டு வைத்தனர். எடுத்தவர்கள் அவற்றில் குறைந்தது 45 சதவீதத்தைக் கணினியில் செருகித் திறந்து பார்த்தனர். பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், கதவைத் திறந்துவிடுவது மனிதக் கைதான்.

இவையெல்லாம் ராணுவத்துக்கும் அரசுக்கும் உள்ள பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது. பாஸ்போர்ட், ஆதார், மதிப்பெண் சான்றிதழ் நகல்களைப் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் கொடுக்கிறோம். ஒரே கணினியில் நூறு பேரின் பென்டிரைவ்கள் செருகப்படுகின்றன. அச்செடுக்க நகலெடுத்த கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

இன்னொரு தவறான நம்பிக்கை, அழித்தால் போய்விடும் என்பது. டெலிட் செய்யும்போது பெரும்பாலும் கோப்பின் முகவரிதான் அழிகிறது. கோப்பு அப்படியே கிடக்கிறது. விற்ற மெமரி கார்டிலிருந்து குடும்பத்துப் பெண்களின் திருமணப் படங்களை, இலவச மென்பொருள் கொண்டே மீட்டுவிடலாம்.

சில எளிய பழக்கங்கள் நம்மைக் காக்கும். கடைக்குக் கொண்டுபோக வெற்றுப் பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்து, தேவையான கோப்பை மட்டும் அதில் போடுங்கள். வேலை முடிந்ததும் கடைக் கணினியில் உள்ள நகலை உங்கள் கண் முன்னே நீக்கச் சொல்லுங்கள். வீட்டு ஆவணங்கள் உள்ள பென்டிரைவை ‘பிட்லாக்கர்’ அல்லது இலவசமாகக் கிடைக்கும் ‘வெராகிரிப்ட்’ கொண்டு பூட்டுங்கள். கீழே கிடந்ததைச் செருகாதீர்கள். பழைய போனை விற்கும்போது மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். தேவையில்லாத கார்டை விற்காமல் உடைத்துவிடுங்கள்.

நூறு ரூபாய் கார்டை விற்காமல் விடுவதில் நமக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதிலுள்ள படங்கள் வெளியே போனால், திரும்பப் பெற வழியில்லை.